கலோரிக் கணக்கும் உடலின் கணக்கும்

இவ்வாண்டு மலருக்கு விஞ்ஞானக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று நம் மன்றச் செயலர் கேட்டபோது, நான் பயிலும் உயிர் வேதியியலிலிருந்து நொதிகளைப் பற்றி எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன். அக்கட்டுரை பாதியில் நிற்கிறது. அதற்கு மாறாக இதை எழுதுகிறேன். சென்ற ஆண்டு நம் மன்றத்துத் தங்கை ஒருத்திக்கு நான் ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்தேன். கணக்குத் தவறு. அத்தவற்றின் பயனை அனுபவித்தவளோ அவள். அவளுடைய இசைவைப் பெற்று, பெயரைச் சொல்லாமல் எழுதுகிறேன்.

முதலில் எங்கள் விடுதிப் பந்தியைக் கண்முன் கொண்டு வருவோம். தில்லிக் குளிரில் காலை எட்டு மணி. என் அறைத்தோழி அமிர்தசரஸைச் சேர்ந்தவள், ஹாக்கி ஆடுகிறவள். உருளைக்கிழங்கு பராட்டா நான்கு, அவற்றின்மேல் வெண்ணெய், பக்கத்தில் ஒரு கிண்ணம் தயிர். எதிரே நான். இரண்டு பராட்டாவுக்குமேல் இறங்குவதில்லை. ஊருக்குப் போனால் அம்மா வாசலிலேயே, "என்னடி இப்படி இளைச்சுப் போயிட்ட, அங்கே சோறு போடறாங்களா இல்லையா?" என்று கேட்பாள். பந்தியில் மூன்றாவதாக அமர்ந்திருப்பவள் அந்தத் தங்கை. தென்காசிப் பக்கத்துப் பெண். முதுகலை வரலாறு முதலாண்டு. தட்டில் ஒரே ஒரு பராட்டா. அதையும் பிய்த்துப் பிய்த்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். "அக்கா, நீங்க என்ன சாப்பிட்டாலும் ஒட்டாது. எனக்குத் தண்ணி குடிச்சாலே உடம்பு போடுது" என்பாள்.

இந்த ஒரு வாக்கியத்தை நம்மில் யார்தான் கேட்டதில்லை? என்ன தின்றாலும் ஒட்டாத உடம்பு, தண்ணீர் குடித்தாலே பெருக்கும் உடம்பு என்று இருவகை உண்டு என்பது நம் வீடுகளில் ஐயத்துக்கு இடமில்லாத உண்மை. இதில் எவ்வளவு மெய், எவ்வளவு மயக்கம் என்று பார்ப்பதே என் நோக்கம்.

கலோரி என்ற சொல்லிலிருந்து தொடங்குவோம். ஒரு கிலோகிராம் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்துவதற்கு வேண்டிய வெப்பமே உணவு நூலார் சொல்லும் கலோரி. பௌதிக வகுப்பில் சொல்லும் கலோரி இதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தேர்வில் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டா. உயிருள்ள உடலை வெப்பத்தால் அளக்கலாம் என்று காட்டியவர்கள் பிரெஞ்சு நாட்டு லவாய்சியரும் லாப்லாஸும். 1782-83 குளிர்காலத்தில் பாரிஸில், ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்துக்குள் வைத்தனர். அதன் உடற்சூட்டால் எவ்வளவு பனிக்கட்டி உருகியது, அது எவ்வளவு கரியமில வாயுவை வெளியிட்டது என்று அளந்தனர். அதே அளவு வாயு வரும்வரை கரியை எரித்தால் எவ்வளவு பனிக்கட்டி உருகும் என்றும் பார்த்தனர். இரண்டும் ஏறக்குறைய ஒத்து வந்தன. மூச்சு விடுதல் என்பது மெல்ல நிகழும் எரிதல் என்று லவாய்சியர் முடிவு கூறினார். பதினோராண்டுக்குப் பின், 1794-இல், புரட்சி அரசு அவர் தலையை வெட்டியது. அவர் மூட்டிய அடுப்பு மட்டும் இன்றும் நம் பாடநூல்களில் எரிகிறது.

ஒரு நூற்றாண்டு கழித்து, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் அட்வாட்டர் என்ற பேராசிரியர் மனிதனையே உள்ளே வைத்து அளக்கும் அறை ஒன்றை அமைத்தார். உள்ளே கட்டில், நாற்காலி, உடற்பயிற்சிக்கு ஒரு மிதிவண்டி. நாட்கணக்கில் ஒருவர் அங்கேயே உண்டு, உறங்கி, மிதித்து வாழ்வார். வெளியேறும் வெப்பமும் மூச்சும் கழிவும் அளக்கப்படும். மாவுப்பொருள் ஒரு கிராமுக்கு நான்கு கலோரி, புரதம் நான்கு, கொழுப்பு ஒன்பது என்று இன்று பிஸ்கோத்துப் பொட்டலத்தின் முதுகில் அச்சாகும் கணக்கு அவர் வழி வந்ததே. அவருடைய நோக்கம் யாரையும் மெலிய வைப்பது அன்று. குறைந்த கூலிக்காரன் கையிலுள்ள காசுக்கு எந்த உணவை வாங்கினால் மிகுந்த சத்துக் கிடைக்கும் என்று காட்டவே அட்டவணைகள் வகுத்தார். பசித்தவனுக்காகப் பிறந்த அளவுகோல் அது.

அதைத் தலைகீழாகத் திருப்பிய பெருமை லூலு ஹன்ட் பீட்டர்ஸ் என்ற கலிபோர்னிய மருத்துவ அம்மையாரைச் சேரும். முன்பு பருத்த உடலினராக இருந்த அவர் 1918-இல் ஒரு நூல் வெளியிட்டார். இனி ரொட்டித் துண்டு என்று சொல்லாதீர்கள், நூறு கலோரி ரொட்டி என்று சொல்லுங்கள் என்பது அதன் போதனை. நூல் பல பதிப்புக் கண்டது. உணவைக் கண்டதும் எண் நினைவுக்கு வரும் வழக்கம் அங்கிருந்து வேர் பிடித்தது.

நம் நாட்டில் இந்த எண்ணுக்கு வேறொரு வரலாறு உண்டு. 1979-இல் திட்டக் குழுவின் பணிக்குழு வறுமைக் கோட்டை வரையறுத்தபோது, சிற்றூரில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2400 கலோரி, நகரில் 2100 கலோரி என்ற அளவையே அடிப்படையாகக் கொண்டது. அந்த அளவு உணவு வாங்க இயலாதவர் வறியவர். என் பாட்டி தலைமுறைக்குக் கலோரி என்ற சொல் தெரியாது; அது இல்லாமையின் துன்பம் நன்றாகத் தெரியும். ஆகவேதான் 'பூசினாற்போல் இருக்கிறாள்' என்பது அக்காலத்தில் பெண்ணுக்குப் புகழுரை. என் தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்களும் அதே சொல்லைத்தான் சொல்லிவிட்டுப் போனார்கள். ஆனால் அதைக் குறையாகச் சொன்னார்கள். ஒரு சொல் இரண்டு தலைமுறைக்குள் இப்படிப் பக்கம் மாறியதைத் தமிழ்த்துறை நண்பர்கள் யாரேனும் ஆராயலாம்.

இது நிற்க. உடல் தன் வருவாயை எவ்வாறு செலவிடுகிறது என்று காண்போம்.

செலவு மூன்று வகை. ஒன்றும் செய்யாமல் படுத்திருக்கும்போதும் இதயம் துடிக்கவும் மூளை விழித்திருக்கவும் உடற்சூடு நிலைக்கவும் ஆகும் செலவு முதலாவது. இதனையே அடிப்படை வளர்சிதை மாற்றம் என்கிறோம். மொத்தத்தில் பாதிக்குமேல் இதற்கே போய்விடும்; உட்கார்ந்தே காலம் கழிப்பவரிடத்தில் மூன்றில் இரண்டு பங்கும் ஆகும். உண்டதைச் செரிக்க ஆகும் செலவு இரண்டாவது. ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. எஞ்சியது அசைவுக்கு.

அடிப்படைச் செலவைச் செய்வன யாவை? இதில்தான் பலர் ஏமாறுகின்றனர். ஒரு கிலோ மூளை நாளொன்றுக்கு ஏறத்தாழ 240 கலோரி செலவிடுகிறது. ஒரு கிலோ கல்லீரல் 200. இதயமும் சிறுநீரகமும் கிலோவுக்கு 440. ஓய்வாக இருக்கும் தசை கிலோவுக்கு 13 கலோரிதான். கொழுப்போ நாலரை. பருத்தவருடைய உடலில் அடுப்பு மந்தமாக எரிகிறது என்பது பொது நம்பிக்கை. உண்மையில் பெரிய உடலுக்குப் பெரிய உறுப்புகளும், அதைத் தூக்கி நடக்க மிகுந்த தசையும் வேண்டியிருப்பதால், பருத்தவர் மெலிந்தவரைவிட மிகுதியாகவே செலவிடுகிறார். ஒரே எடையும் ஒரே அளவு தசையும் உடைய இருவரிடையேயும் நாளொன்றுக்கு நூறு, இருநூறு கலோரி வேறுபாடு காணப்படுவது உண்டு. அது பிறவியில் அமைந்தது; அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் தண்ணீர் குடித்துப் பருக்கும் அளவுக்கு வேறுபட்டவர் எவரும் இதுவரை அளவைக்கு அகப்படவில்லை.

வயதாக ஆக அடுப்புத் தணிகிறது என்பதும் அப்படியே. 2021-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி 29 நாடுகளில், பிறந்து எட்டு நாளான குழந்தை முதல் 95 வயதினர் வரை, 6,421 பேரை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. உடற்கட்டுக்கு ஏற்பச் சரிசெய்து பார்த்தால் இருபது வயது முதல் அறுபது வரை செலவு மாறவே இல்லை. நாற்பதில் தொந்தி விழுந்த மாமாக்கள் வேறு காரணம் தேடவேண்டியதுதான்.

அறைக்குள் அடைக்காமல் இத்தனை பேரை எவ்வாறு அளந்தார்கள் என்று கேட்பீர்கள். முறை அழகானது. நீரில் உள்ள ஹைட்ரஜனுக்கும் ஆக்ஸிஜனுக்கும் மாற்றாக அவற்றின் கனமான ஐசோடோப்புகள் அமைந்த நீரைக் குடிக்கச் செய்வர். கன ஹைட்ரஜன் வியர்வை, சிறுநீர் முதலிய நீராக மட்டுமே வெளியேறும். கன ஆக்ஸிஜனோ நீராகவும் போகும். மூச்சில் கரியமில வாயுவாகவும் போகும். ஆகவே ஆக்ஸிஜன் சற்று விரைவில் தீரும். இரண்டும் தீரும் வேகத்தின் வேறுபாட்டிலிருந்து, எவ்வளவு கரியமில வாயு உண்டாயிற்று, எவ்வளவு எரிந்தது என்று கணித்துவிடலாம். குடித்தவர் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். சில நாட்கள் இடைவிட்டுச் சிறுநீர் மட்டும் கொடுத்தால் போதும். லவாய்சியரின் பனிக்கட்டிக் கலம் எவ்வளவு தூரம் வந்துவிட்டது பாருங்கள்.

தமிழ்நாட்டுக்கு இவ்வாராய்ச்சியில் ஒரு பங்கு உண்டு என்பதைச் சொல்லாமல் போகக்கூடாது. சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய எலியனார் மேசன் என்ற அமெரிக்கப் பேராசிரியை, பாஸ்டன் நகர ஆய்வாளர் பெனடிக்டுடன் சேர்ந்து, தென்னிந்தியப் பெண்களின் அடிப்படைச் செலவை அளந்து 1931-இல் வெளியிட்டார். அமெரிக்கப் பெண்களுக்கு வகுத்த அளவைவிட அது ஏறத்தாழ 17 விழுக்காடு குறைவாக இருந்தது. வெப்ப நாட்டவர் உடல் மந்தமானது, இனத்தின் இயல்பே அப்படி என்றெல்லாம் பேச இது இடம் கொடுத்தது. பெங்களூர் ஆய்வாளர்களும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் இரு நாட்டு அளவைகளையும் சேர்த்து ஆராய்ந்து 1998-இல் வேறு விடை கண்டனர். கொழுப்பை நீக்கி, எஞ்சிய உடலின் அளவைக் கொண்டு ஒப்பிட்டால் இன வேறுபாடு என்று ஒன்றும் தெரியவில்லை. நம் அடுப்பு மந்தமன்று, அடுப்பே சிறியது. ஐம்பது கிலோ எடையில் நமக்குத் தசையின் பங்கு குறைவு, கொழுப்பின் பங்கு மிகுதி. இந்த ஒரு செய்தியை நான் அன்று படித்திருந்தால் இக்கட்டுரைக்கு இடமே இருந்திருக்காது.

இப்போது அந்தக் கணக்குக்கு வருகிறேன்.

தங்கையின் எடை 58 கிலோ, உயரம் 155 சென்டிமீட்டர். "அக்கா, நீங்கதான் இதையெல்லாம் படிக்கிறீங்க, எனக்கு ஒரு கணக்குப் போட்டுத் தாங்க" என்றாள். எனக்கும் பெருமை. 1985-இல் உலக நலவாழ்வு நிறுவனமும் பிற நிறுவனங்களும் சேர்ந்து வெளியிட்ட சூத்திரத்தை எடுத்தேன். எடையை 14.7-ஆல் பெருக்கி 496-ஐக் கூட்டினால் இளம் பெண்ணின் அடிப்படைச் செலவு வரும். அவளுக்கு 1349 வந்தது. நடமாட்டத்துக்காக 1.55-ஆல் பெருக்கினேன், 2090 ஆயிற்று. "நீ நாளைக்கு 1500 சாப்பிடு. 590 மிச்சம். ஒரு கிலோ கொழுப்பு 7700 கலோரி. பதின்மூன்று நாளைக்கு ஒரு கிலோ. மூன்று மாதத்தில் ஏழு கிலோ குறையும்" என்று தாளில் கட்டம் போட்டுக் கொடுத்தேன். அவள் அதை மேசைக்கு மேலே சுவரில் ஒட்டிவைத்தாள்.

முதல் பத்து நாளில் ஒன்றரைக் கிலோ குறைந்தது. இருவருக்கும் மகிழ்ச்சி. உடலில் சேமித்துவைத்த மாவுப்பொருள் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவு நீரைத் தன்னோடு பிடித்துவைத்திருக்கும். உணவு குறைந்ததும் முதலில் வெளியேறுவது அதுதான். குறைந்ததில் பெரும்பகுதி தண்ணீர் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. அதன்பின் மூன்று வாரம் எடைக்கருவியின் முள் அசையவே இல்லை.

அப்போது நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. 1992-இல் நியூயார்க்கில் செய்த ஆராய்ச்சி ஒன்று எனக்குத் தெரியும். 1200 கலோரிக்கும் குறைவாக உண்டும் எடை குறையவில்லை என்று முறையிட்ட பருத்த உடலினர் பத்துப் பேரை, முன்னே சொன்ன கன நீர் முறையால் அளந்தனர். அவர்களுடைய உடற்செலவில் குறையே இல்லை. அவர்கள் உண்டதில் பாதியளவை, அதாவது 47 விழுக்காட்டைக் கணக்கில் சொல்லாமல் விட்டிருந்தனர். செய்த உடலுழைப்பைப் பாதிக்குமேல் கூட்டிச் சொல்லியிருந்தனர். அவர்கள் பொய்யர் அல்லர், நினைவு அப்படிப்பட்டது. நான் இந்த ஆராய்ச்சியை ஒரு வழக்கறிஞரைப்போல் அவள் முன்னே எடுத்து வைத்தேன். "உண்மையைச் சொல், ஒளித்துவைத்து எதையாவது தின்கிறாயா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. நான் ஒளிச்சு ஒண்ணும் சாப்பிடல" என்றாள். கண் நிறைந்துவிட்டது. நான் நம்பவில்லை. நம்பவில்லை என்பது அவளுக்கும் தெரிந்தது.

அவள் சொன்னது உண்மை. பிழை என் தாளில் இருந்தது. நான் எடுத்த சூத்திரம் இந்திய உடலுக்கு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு மிகுதியாகக் காட்டுகிறது என்பதை நம் நாட்டு ஆய்வாளர்கள் முன்பே எழுதியிருந்தார்கள். அப்படியானால் அவளுடைய அடிப்படைச் செலவு 1210 அளவுதான். வரலாற்று மாணவி, நூலகத்தில் உட்கார்ந்தே இருப்பவள். அவளுக்கு 1.55 எனப் பெருக்கியது தவறு; 1.4 போதும். மொத்தம் 1700. 1500 உண்டால் மிச்சம் இருநூறு கலோரி. ஒரு கிலோ குறைய முப்பத்தெட்டு நாளாகும். அதுகூட, எடை குறையக் குறைய உடலின் செலவும் குறையும் என்பதைக் கணக்கில் சேர்க்காமல். பதின்மூன்று நாளைக்கு ஒரு கிலோ என்று நான் எழுதிக் கொடுத்தது வெறும் காகிதம்.

இது தெரியாத தங்கை, தன்மேல்தான் குற்றம் என்று நினைத்தாள். எனக்குச் சொல்லாமல் 1500-ஐ 900 ஆக்கினாள். நம் அரசு வறுமைக்கு வரைந்த நகரக் கோட்டில் பாதிகூட இல்லை அது. ஏழு வாரம் கழித்து ஒரு மாலை மெட்ரோ நிலையப் படிக்கட்டில் மயங்கி விழுந்தாள். உதட்டில் மூன்று தையல். இரத்தத்தில் ஹீமோகுளோபின் எட்டு. பன்னிரண்டாவது இருக்க வேண்டும். இதைத் தனிப்பட்ட ஒருத்தியின் கதை என்று தள்ள இயலாது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியப் பெண்களில் 15 முதல் 49 வயது வரையுள்ளோரில் 57 விழுக்காட்டினர் இரத்தச் சோகை உடையவர்கள். ஏற்கெனவே வெறுமையாக இருக்கும் பானையை இன்னும் கவிழ்க்கச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

உணவு மிகக் குறைந்தால் உடல் என்ன செய்யும் என்பதற்குச் சான்று 1944-45-இல் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர், பஞ்சத்தால் வாடும் மக்களை எவ்வாறு மீட்பது என்று அறிவதற்காகத் தாமாகவே முன்வந்து இருபத்து நான்கு வாரம் அரைப்பட்டினி கிடந்தனர். எடையில் கால்பங்கு குறைந்தது. அடிப்படைச் செலவோ நாற்பது விழுக்காடு வீழ்ந்தது. குளிர் தாங்காமல் நடுங்கினர். இரவும் பகலும் உணவு நினைவே. சிலர் சமையல் நூல்களைச் சேர்த்துவைத்துப் படித்தனர். அடங்கிய அடுப்பு நாம் மெலிய விரும்புகிறோமா, பஞ்சத்தில் சிக்கினோமா என்று பிரித்து அறியாது. தங்கையும் அந்நாட்களில் ஏப்ரல் வெயிலில் போர்வை போர்த்திப் படுத்திருந்தாள். நான் அதைக் கண்டும் கேட்கவில்லை.

மருத்துவரிடமிருந்து திரும்பிய இரவு என் அறைத்தோழி என்னிடம் அதிகம் பேசவில்லை. மறுநாள் காலையில் ஒரு நோட்டுப் புத்தகத்தை என் மேசைமேல் வைத்தாள். "அவளை நம்பவில்லை அல்லவா? நீ பத்து நாள் எழுது. நானும் எழுதுகிறேன்" என்றாள். விடுதிச் சமையற்காரரிடம் தராசு ஒன்று இரவல் வாங்கினோம்.

நான் கொறிப்பதே இல்லை என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தவள். நோட்டு சொன்னது வேறு. நாளைக்கு ஆறு கோப்பைத் தேநீர். கோப்பைக்கு இரண்டு கரண்டிச் சர்க்கரை. கரண்டிக்கு ஐந்து கிராம் என்றால் அறுபது கிராம் சர்க்கரை. அதுவே 240 கலோரி, பால் தனி. இரவு பதினொரு மணிக்கு ஆய்வுக் குறிப்பு எழுதும்போது அம்மா அனுப்பிய முறுக்குத் தகரம் திறக்கும். எத்தனை முறுக்கு என்று கேட்டால் இரண்டு என்பேன். தகரத்தை நிறுத்துப் பார்த்தால் ஐந்து. எழுத மறந்தவற்றைத் தோழிதான் பக்கத்தில் வேறு மையில் எழுதிவைத்தாள். நியூயார்க்கின் பத்துப் பேரோடு நான் பதினொன்றாமவள்.

தோழியின் கணக்கோ நேர்மாறு. பராட்டா நான்கு என்னவோ உண்மைதான். ஆனால் அவள் எடை 66 கிலோ, பெரும்பகுதி தசை. படுத்தே கிடந்தாலும் என்னைவிட முந்நூறு கலோரிக்குமேல் செலவு. காலையும் மாலையும் மைதானம். மதியம் பலநாள் ஒரு வாழைப்பழத்தோடு சரி. மேலும் அவள் சும்மா இருப்பதே இல்லை. தொலைபேசியில் பேசினால் தாழ்வாரம் முழுவதும் நடப்பாள். படிக்கும்போது கால் ஆடிக்கொண்டே இருக்கும். கால் ஆட்டாதே, வீட்டுக்கு ஆகாது என்று பாட்டி சொல்வது எனக்கு நினைவு வரும். 1999-இல் அமெரிக்காவில் பதினாறு பேருக்கு எட்டு வாரம் தினமும் ஆயிரம் கலோரி மிகையாக ஊட்டிப் பார்த்தார்கள். ஒருவருக்கு அரைக் கிலோகூடக் கொழுப்புச் சேரவில்லை. மற்றொருவருக்கு நாலு கிலோவுக்குமேல் சேர்ந்தது. இந்த வேறுபாட்டை விளக்கியது உடற்பயிற்சி அன்று. எழுவது, நிற்பது, அசைவது, துறுதுறுவென்று இருப்பது ஆகிய தாமறியாச் சிறு செயல்களே.

அந்தத் துறுதுறுப்பும் நாமாகத் தேர்ந்து கொண்டதா? 1990-இல் கனடாவின் கியூபெக்கில் பன்னிரண்டு சோடி ஒத்த இரட்டையருக்கு ஏறக்குறைய மூன்று மாதம் இதேபோல் மிகையாக ஊட்டினார்கள். எடை கூடியது ஒருவருக்கு நாலு கிலோ, மற்றொருவருக்குப் பதின்மூன்று. ஆனால் ஓர் இரட்டையருக்கு எவ்வளவு கூடியதோ, அவருடைய இணைக்கும் ஏறத்தாழ அவ்வளவே. ஒட்டும் உடம்பு, ஒட்டாத உடம்பு என்று பாட்டிமார் சொன்னதில் இந்த அளவுக்கு மெய் இருக்கிறது. என் மெலிவுக்கு நான் பெருமைப்பட ஒன்றும் இல்லை என்று அந்த நோட்டைப் பார்த்து அறிந்தேன்.

பெருமை மட்டுமா? பத்தாம் நாள் தோழி தையல் நாடாவை எடுத்துவந்து மூவர் இடுப்பையும் அளந்தாள். விளையாட்டாகத்தான். எனக்கு எடை 51, உயரம் 157. உடல் நிறை எண் 20.7. எந்த அட்டவணையிலும் குறை சொல்ல இயலாத எண். இடுப்பு 83 சென்டிமீட்டர். தெற்காசியப் பெண்ணுக்கு எல்லை 80. குச்சிபோல் கையும் காலும், நடுவில் ஒரு சிறு பானை. சுடிதார் அதை மறைத்துவைத்திருந்தது.

2004-இல் லான்செட் இதழில் புணே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யூட்கினும் அருகருகே நிற்கும் படம் ஒன்று வெளிவந்தது. இருவருக்கும் உடல் நிறை எண் 22.3. பார்வைக்கு இருவரும் ஒல்லி. லண்டன்காரர் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, புணேக்காரர் உடலில் 21.2. நம்மவர் மெலிந்திருந்தே கொழுத்தவர். பிறக்கும்போதே இந்த அமைப்பு இருக்கிறது என்று புணே ஆய்வாளர்கள் குழந்தைகளை அளந்து காட்டினார்கள். இரண்டரைக் கிலோ எடையில் பிறக்கும் குழந்தையிடத்தில் தசை குறைந்திருக்கிறது, கொழுப்பு அவ்வளவு குறையவில்லை. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டு என்று கணித்தது. அவர்களில் எத்தனை பேரைப் பார்த்து, 'உனக்கென்னப்பா, ஒல்லியாகத்தானே இருக்கிறாய்' என்று சொல்லியிருப்போம்! என் தந்தைக்கு நாற்பத்து நான்கில் வந்தது. அவரும் ஒல்லி.

நானும் போய் இரத்தம் கொடுத்தேன். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 5.8. நோய் இல்லை, 5.7-லிருந்து எச்சரிக்கை என்பார்கள். தங்கைக்குச் சூத்திரம் எழுதிக் கொடுத்த நாளில், எங்கள் இருவரில் யாருக்கு மருத்துவர் அறிவுரை முதலில் தேவைப்பட்டது என்று எண்ணிப் பார்க்கிறேன்.

சுவரில் ஒட்டிய தாளைத் தங்கையே கிழித்துவிட்டாள். மருத்துவர் தந்த இரும்புச் சத்து மாத்திரை நான்கு மாதம் சாப்பிட்டாள். இப்போது ஹீமோகுளோபின் பதினொன்றரை. பந்தியில் பருப்பும் தயிரும் முட்டையும் வைத்து வயிறார உண்கிறாள். மாலையில் மூவரும் ரிட்ஜ் காட்டுப் பாதையில் நடக்கிறோம்; வாரம் மூன்று நாள் தோழி எங்களைக் கல் நிரப்பிய பையைத் தூக்க வைக்கிறாள், தசைக்காக. தங்கையின் எடை 56-இல் நிற்கிறது. அது போதுமா என்று அவள் என்னைக் கேட்கவில்லை; கேட்டாலும் நான் தாள் எடுக்கப் போவதில்லை. ஊரில் மீண்டும் பெண் பார்க்கும் பேச்சு எழுந்தபோது, படிப்பு முடியட்டும் என்று தானே சொல்லிவிட்டாளாம்.

அம்மாவிடம் தொலைபேசியில் 83 சென்டிமீட்டர் கதையைச் சொன்னேன். "உனக்கா? நீ காத்தடிச்சா பறந்துடுவியே" என்றாள். பிறகு சற்றுநேரம் பேச்சில்லை. அப்பாவை நினைத்திருப்பாள். அடுத்த வாரமும் முறுக்குத் தகரம் வந்தது, பழக்கம் போகவில்லை. திறக்காமல் தோழியின் மேசைமேல் வைத்துவிட்டேன். அவளுக்குத் தாங்கும்.